பாம்புக்கு ஒரு பிரசவ வார்டு!



நாய்க்குட்டி, லவ் பேர்ட்ஸ், கப்பி மீன், வெள்ளெலி... இந்தப் பக்கத்தில் நாம் கொஞ்சாத ஜீவன் இல்லை. இந்த வாரம் கொஞ்சம் நெளிவு சுளிவான ஆள். பாம்பு! அதுவும் சும்மா பாம்பு இல்லை, முட்டை போடப் போகிற பாம்பு. 'ஐயய்யோ'ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. நம்ம ஹீரோயினுக்குத் துளிகூட விஷம் கிடையாது. முழுசா படிச்சீங்கன்னா ஒரு இடத்தில் நீங்களே 'அடப் பாவமே'ன்னு சொல்லுவீங்க. பாம்பைப் பார்த்து இல்லை. வேற ஒருத்தரைப் பார்த்து. அவர் அப்புறமா வருவார்.

இடம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா. ஆள், கலிஃபோர்னியா கிங் ஸ்நேக். மூணு, மூணரை அடி நீளம். கறுப்பு அல்லது சாக்லேட் கலர் உடம்பில் வெள்ளை வளையல் அடுக்கின மாதிரி இருக்கும். நம்ம ஊர்க்காரர் யாராவது பார்த்தால் 'டேய், கட்டுவிரியன்டா!'ன்னு நாலு தெரு தள்ளி நின்று கத்துவார். கத்தட்டும், தப்பே இல்லை. நம்ம ஊரில் அப்படி வளையம் போட்ட ஒண்ணைப் பார்த்தால் நீங்களும் பத்தடி தள்ளியே நில்லுங்க. கிங் ஸ்நேக் நம்ம நாட்டுக் காட்டில் கிடையவே கிடையாது.

ஏன் 'கிங்'? மற்ற பாம்புகளைப் பிடித்து விழுங்கும், அதனால். அமெரிக்காவையே கலக்குகிற ராட்டில் ஸ்நேக் இருக்கே, வாலில் கிலுகிலுப்பை வைத்திருக்குமே, அதுவும் இவருக்கு டிபன்தான். அதன் விஷத்தைத் தாங்குகிற சக்தி இவர் ரத்தத்திலேயே இருக்கிறது. நம்ம ராஜநாகத்துக்கு 'ராஜ' பட்டம் கிடைத்ததும் இதே கணக்குதான். ஆனால் ராஜநாகம் விஷத்தால் கொல்லும், கிங் ஸ்நேக் சுற்றி இறுக்கிக் கொல்லும். 2017-ல் டேவிட் பென்னிங், பிராட் மூன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். அதே அளவுள்ள எலிப் பாம்புகளைவிட கிங் ஸ்நேக்கின் பிடி பலமானதாம்.

ஒரு சின்ன கிளைக்கதை. இதன் சொந்தக்காரப் பாம்பு ஒண்ணுக்கு அங்கே 'மில்க் ஸ்நேக்'னு பேர். ராத்திரி தொழுவத்தில் புகுந்து மாட்டு மடியில் பால் குடிக்கும்னு பழைய அமெரிக்க விவசாயிகள் நம்பினார்கள். நம்ம கிராமத்துப் பாட்டி சாரைப்பாம்பைப் பற்றிச் சொல்கிற அதே கதை! இரண்டுமே தொழுவத்துக்கு வருவது எலிக்காகத்தான். பாம்புக்கும் பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். அமெரிக்காவில் கிங் ஸ்நேக்கை வீட்டில் வளர்க்கிறவர்கள் நிறைய. வளர்க்கிறவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் 'குட்டி எடுத்துப் பார்ப்போமா?' என்று ஆசை வந்துவிடும். எப்படி எடுக்கிறார்கள்?

முதல் வேலை, தூங்க வைப்பது. காட்டில் குளிர்காலம் முழுக்க பொந்துக்குள் மந்தமாகக் கிடந்து, வசந்தம் வந்ததும் வெளியே வந்து ஜோடி தேடுவதுதான் இதன் வழக்கம். அதை வீட்டிலேயே செட் போடுகிறார்கள். நல்லா சாப்பிட்டுக் கொழுகொழுன்னு இருக்கிற பாம்புக்கு இரண்டு வாரம் சாப்பாடு கட். வயிற்றில் எலி இருக்கும்போது குளிரில் வைத்தால் செரிக்காமல் உள்ளேயே அழுகி, ஆளே காலி. அதுக்கு அப்புறம் 10-லிருந்து 13 டிகிரி செல்சியஸில் இருட்டான இடத்தில் இரண்டு, இரண்டரை மாசம். கொடைக்கானல் மார்கழி ராத்திரி குளிர்னு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்பவும் இருக்கணும். குளிரே வராத ஊர்க்காரர்கள், ஒயின் பாட்டில் வைக்கிற குட்டி ஃப்ரிட்ஜை வாங்கி அதில் பாம்பைத் தூங்க வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி அதைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

தூக்கம் கலைந்து, மெல்ல சூடு ஏற்றி, சாப்பாடு போட்டு, பெண் பாம்பு முதல் தடவை சட்டை உரித்ததும் கல்யாணப் பேச்சு ஆரம்பம். இங்கேதான் கத்தி மேல் நடக்கணும். நம்ம ஹீரோவும் ஹீரோயினும் பாம்பு தின்னும் ஜாதி! பசியோட இருக்கிற ஒருத்தர் பக்கத்தில் இன்னொருத்தரை விட்டால் கல்யாணம் நடக்காது, பந்தி நடக்கும். அதனால் இரண்டு பேருக்கும் முன்னாடியே வயிறு முட்ட ஊட்டிவிட்டு, சரிசமமான சைஸாகப் பார்த்து, ஒரே பெட்டியில் விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்கணும். நடுவில் போன் வந்ததுன்னு எழுந்து போகக் கூடாது. ஆண் பாம்பு பெண்ணின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். அது பாசமா பசியான்னு கண்டுபிடிக்கத் தெரியணும். சுற்றி இறுக்க ஆரம்பித்தால் அது பாசம் இல்லை, பாஸ்!

எல்லாம் நல்லபடியா முடிந்தால் அம்மா வயிறு பின்பக்கம் உப்ப ஆரம்பிக்கும். முட்டை போடுவதற்கு முன்னாடி இன்னொரு தடவை சட்டை உரிக்கும். அதுதான் பிரசவத் தேதிக்கு அலாரம். அதிலிருந்து ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சிப் போனால் இரண்டு வாரம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரப் பாசியை நிரப்பி வைத்தால் அம்மா அதற்குள் போய் முட்டையிடும். வழக்கமாக ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை. அதோடு அம்மாவின் டியூட்டி ஓவர். ராஜநாகம் இலை தழையைக் குவித்துக் கூடு கட்டி, முட்டைக்குக் காவல் இருக்கும். இந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எலி எங்கேன்னு கேட்பார்.

இனிமேல் எல்லாம் நம்ம கையில். இல்லை, 'நம்ம கை படாம'ன்னு சொல்றதுதான் சரி.

பாம்பு முட்டையைக் கோழி முட்டை மாதிரி நினைத்தால் முதல் நாளே ஃபெயில். ஓடு கெட்டியா இருக்காது, தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும். ஈரத்தோட ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாகக் கிடக்கும். ஒட்டிக் காய்ந்ததைப் பிரிக்கக் கூடாது. முக்கியமான விஷயம், புரட்டக் கூடாது! கோழி தன் முட்டையைத் தினமும் பல தடவை புரட்டிப் போடும். அதை இங்கே செய்தால் கொலை. பாம்பு முட்டைக்குள் கரு, சீக்கிரமே ஓட்டின் மேல்பக்க உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தலைகீழாக்கினால் அந்தப் பிடிமானம் அறுந்து கரு செத்துப்போகலாம். அதனால் அனுபவசாலிகள் முட்டையைப் பார்த்ததும் செய்கிற முதல் காரியம், மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பது. அந்தப் புள்ளி கடைசி நாள் வரை மேலேயே பார்த்துக்கொண்டிருக்கணும்.

அடுத்தது இன்குபேட்டர். பெரிய மெஷினெல்லாம் வேண்டாம். தெர்மோகோல் பெட்டி ஒண்ணு, வெப்பம் தரும் பட்டை ஒண்ணு, தெர்மோஸ்டாட் ஒண்ணு. உள்ளே நாலைந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டால் சூடு ஏறி இறங்காமல் நிலையா நிற்கும். முட்டைகள் இருக்கிற டப்பாவில் வெர்மிகுலைட். செடி வளர்ப்பவர்கள் தொட்டியில் போடுவார்களே, பொரிந்த கனிமத் துகள், அதுதான். நூறு கிராம் துகளுக்கு நூறு கிராம் தண்ணீர். எடைக்கு எடை! கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரமா இருக்கணும், சொட்டக் கூடாது. அதில் சின்னதாகக் குழி பறித்து முட்டைக் கொத்தைப் பாதி புதைத்து வைத்து மூடி, 27-லிருந்து 29 டிகிரியில் விட்டுவிடணும். ஏறக்குறைய இரண்டு மாசம்.

கரண்ட் கட் ஆனால்? அங்கேயும் ஆகும், பாஸ். கொஞ்ச நேரம் குளிர்ந்து போனால் பெரிய ஆபத்து இல்லை, பொரிப்பது தள்ளிப் போகும், அவ்வளவுதான். சூடு எகிறினால்தான் கதை கந்தல். முதுகெலும்பு கோணிய குட்டிகள், இல்லைன்னா முட்டைக்குள்ளேயே சாவு. அதனால் விவரமானவர்கள் முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்னாடியே காலிப் பெட்டியை ஓடவிட்டு டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறார்கள். தெர்மோஸ்டாட் சொல்வதை மட்டும் நம்பாமல் தனியா ஒரு தெர்மாமீட்டரும் உள்ளே வைக்கிறார்கள். நம்ம முதலைக்கும் பல ஆமைகளுக்கும் முட்டை இருக்கிற சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பதே முடிவாகும். பாம்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது குரோமோசோமிலேயே முடிவான விஷயம்.

இந்த இரண்டு மாசம்தான் பொறுமைக்கு டெஸ்ட். சும்மா இருக்க முடியாதவர்கள் டார்ச் அடித்துப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பா தெரிந்து, நூல் நூலா ரத்த நாளம் ஓடினால் உயிர் இருக்கு. வெறும் மஞ்சள் வெளிச்சம் மட்டும் வந்தால் அது பொய் முட்டை. பொய் முட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். 'ஐயோ, பக்கத்து முட்டைக்கும் பரவிடுமே'ன்னு பதறிப் பிய்த்து எடுத்தால் நல்ல முட்டையும் கிழியும். உயிருள்ள முட்டை பெரும்பாலும் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். முட்டையில் பள்ளம் விழுந்தால் ஈரம் பத்தலைன்னு அர்த்தம். ஆனால் கடைசி வாரத்தில் பள்ளம் விழுந்தால் வேற அர்த்தம், உள்ளே இருக்கிறவர் கிளம்பத் தயார்!

ஓட்டைக் கிழிக்க மூக்கு நுனியில் குட்டியூண்டு பல் ஒண்ணு இருக்கும். முட்டைப் பல். பிளேடு போட்ட மாதிரி இரண்டு மூணு கீறல் விழும். அந்தக் கீறல் வழியா ஒரு குட்டித் தலை எட்டிப் பார்க்கும். உங்களைப் பார்த்ததும் 'ச்சே, இவ்வளவுதானா உலகம்'ங்கற மாதிரி திரும்ப உள்ளே போய்விடும். ஒரு நாள், இரண்டு நாள்கூட அப்படியே இருக்கும். இழுத்து வெளியே போடக் கூடாது. மிச்சம் இருக்கிற மஞ்சள் கருவை அது உடம்புக்குள் இழுத்துக்கொண்டு இருக்கிறது. அதுதான் அதுக்கு முதல் ஒரு வாரத்துக்குக் கட்டுச்சோறு. வாரம், பத்து நாளில் முதல் சட்டை உரித்த பிறகுதான் பசிக்கும்.

இந்த முட்டைகள் ஒரு பெரிய அறிவியல் குழப்பத்தையே தீர்த்து வைத்திருக்கின்றன, தெரியுமா? தெற்கு கலிஃபோர்னியாவில் இரண்டு மாதிரி கிங் ஸ்நேக் உண்டு. ஒண்ணு வளையம் போட்டது. இன்னொண்ணு தலையிலிருந்து வால் வரை முதுகில் நீளக் கோடு போட்டது. இரண்டும் வெவ்வேறு இனம்னு ரொம்ப காலம் எழுதி வைத்திருந்தார்கள். சான்டியகோவில் லாரன்ஸ் கிளாபர்னு ஒருத்தர். தொழில், மின்சாரக் கம்பெனியில் இன்ஜினீயர். பொழுதுபோக்கு, பாம்பு! ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வளையக் குட்டியும் கோட்டுக் குட்டியும் சேர்ந்தே வருதேன்னு பார்த்தார். 1936-ல் கட்டுரை எழுதினார். இரண்டும் ஒரே இனம், டிசைன்தான் வேற! பாட்டனி, ஜுவாலஜி படிக்கிறவங்களுக்கு இதுக்கு மேலே விளக்கம் வேண்டாம். மற்றவங்களுக்கு, ஒரே வீட்டில் அக்காவுக்குச் சுருட்டை முடி, தங்கச்சிக்கு நேர் முடி இல்லையா, அந்த மாதிரி.

வளர்ப்பவர்களுக்கு இந்த டிசைன் விளையாட்டுதான் போதை. வெள்ளையும் ரோஸுமா செக்கண்ணோட அல்பினோ. அந்த ஜீன் இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கிற அப்பா, அம்மாவுக்கு சராசரியா நாலுக்கு ஒண்ணு அல்பினோ வரும். மென்டல் பட்டாணிச் செடியில் போட்ட அதே கணக்கு.

ஜாலியா இருக்கில்ல? இப்போ வேற கணக்கு போடலாம். முட்டை பத்து. பத்தும் பொரிந்தால் பத்துக் குட்டி. ஒரே பெட்டியில் போட முடியாது. தம்பியை அண்ணன் தின்றுவிடுவார். ஆகவே பத்துப் பெட்டி, பத்துத் தண்ணீர்க் கிண்ணம், வாராவாரம் உறைய வைத்து இளக்கின எலிக்குஞ்சு பத்துக்கு மேல். சிலது எலியை மோந்துகூடப் பார்க்காது. காட்டில் பல்லியும் ஓணானும்தான் முதல் சாப்பாடு என்பதால், எலிக்குஞ்சைப் பல்லி மேல் தேய்த்து வாசனை ஏற்றி ஏமாற்றணும். இப்படி வளர்த்தால் ஒவ்வொண்ணும் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். இன்னைக்குப் பத்தொன்பது வயசில் முட்டை பொரிக்க வைக்கிறவர், பாதிக் குட்டிகள் விலை போகலைன்னா, தன் கல்யாணத்துக்கும், தன் பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷனுக்கும் அதுகளைக் கூட்டிக்கொண்டுதான் போகணும். 'யாருக்காவது கொடுத்துடலாம்'னு எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த 'யாராவது' எப்பவும் கிடைப்பதில்லை.

கிடைக்காதப்போ என்ன நடக்கும்? நான் ஆரம்பத்தில் சொன்ன 'அடப் பாவமே' ஆள் இப்போ வருகிறார்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிரான் கனாரியான்னு ஒரு தீவு. ஸ்பெயினுக்குச் சொந்தம். அங்கே சொந்தமாப் பாம்பே கிடையாது. உலகத்தில் வேற எங்கேயும் இல்லாத ராட்சதப் பல்லி ஒண்ணு மட்டும் வெயில் காய்ந்துகொண்டு ராஜா மாதிரி திரிந்தது. இரண்டு அடிக்கு மேல் வளரும். பழம் தின்னும், விதை பரப்பும். பாம்புன்னா என்னன்னே தெரியாத அப்பாவி. 1998-ல் அந்தத் தீவில் கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் வெளியே திரிவதைப் பார்த்தார்கள். யாரோ வளர்த்தது, தப்பியதோ, வேண்டாம்னு விட்டதோ. வளர்த்ததுதான் என்பதற்குச் சாட்சி அதன் தோலிலேயே இருந்தது. பிடிபட்டதில் அல்பினோவும் கோட்டுப் பாம்பும்! மனுஷன் ஜோடி சேர்த்து எடுத்த டிசைன்கள். 2007-ல் அது அங்கே முட்டையிட்டுப் பெருகுவது உறுதியானது.

அப்புறம் என்ன? பொறி வைத்தார்கள், ஆள் போட்டார்கள், 2011-ல் ஐரோப்பிய யூனியன் பணத்தில் தனித் திட்டமே தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். ஆனால் இந்தப் பாம்பு பெரும்பாலும் மண்ணுக்கடியிலும் கல்லுக்கடியிலும் இருக்கும். பிடிபட்டது எத்தனை, உள்ளே இருப்பது எத்தனைன்னு எப்படி எண்ணுவது? 2021-ல் ஹூலியன் பிகே, மார்த்தா லோபெஸ் டாரியஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். பாம்பு புகுந்த இடங்களில் ராட்சதப் பல்லி 99 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. நூறு இருந்த இடத்தில் ஒண்ணுகூட முழுசா இல்லை! அங்கே மட்டுமே வாழும் அரணை வகை 80 சதவீதத்துக்கு மேல் காலி. இன்னொரு பல்லி வகையில் பாதிக்கு மேல் காலி. 2024-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ராட்சதப் பல்லியை 'கவலை இல்லை' பட்டியலிலிருந்து தூக்கி, அழிவின் விளிம்பு பட்டியலில் போட்டது. நடுவில் இருக்கிற படிகளையெல்லாம் தாண்டி, ஒரே தாவல்.

இதே பயத்தில்தான் ஹவாயில் பாம்பு வளர்க்கவே தடை. மீறினால் இரண்டு லட்சம் டாலர் வரை அபராதம், மூணு வருஷம் வரை ஜெயில். ரொம்ப ஓவர்னு முதலில் தோணும். கிரான் கனாரியாவைப் படித்ததும் தோணாது.

அதனால் அங்கே நல்ல பேர் எடுத்த வளர்ப்பாளர்கள் வேலையைத் தலைகீழாச் செய்கிறார்கள். முதலில் குட்டி வாங்கப் போகிறவர் லிஸ்ட். அப்புறம்தான் ஃப்ரிட்ஜும் குளிரும் ஜோடியும். லிஸ்ட் காலியா இருந்தால் அந்த வருஷம் இரண்டு பேரும் தனித்தனிப் பெட்டியில் எலி தின்றுவிட்டுத் தூங்குவார்கள். பாம்புக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. ஆசைப்பட்டது நாமதானே.

'சூப்பர் பாஸ், நானும் ஒண்ணு வாங்கட்டுமா?'ன்னு ஒரு குரூப் கேட்கும்னு தெரியும். நம்ம நாட்டுப் பாம்புகளுக்கு 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் காவல். சாரை, தண்ணிப் பாம்புன்னு எதையும் பிடித்து வீட்டில் வைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பாம்பை அரசு அனுமதி இல்லாமல் இறக்குமதி பண்ண முடியாது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்த ஒருவரின் பெட்டியில் 22 பாம்புகள் பிடிபட்டன. டப்பாவில் அடைத்து விமானத்தில் வருகிற அந்த ஜீவன்களின் பாடு சொல்லி முடியாது. 'ஏற்பாடு பண்ணித் தர்றேன்'னு எவனாவது விலை பேசினால் கழண்டுக்கோங்க.

பாம்பு பார்க்க ஆசையா, கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போங்க. ஒருவேளை உங்க வீட்டுத் தோட்டத்திலோ, இடிக்கிற பழைய சுவருக்குள்ளேயோ வெள்ளையா, மெத்துன்னு, ஒட்டிக்கிட்டு ஒரு முட்டைக் கொத்து தெரிந்தால்? கை வைக்காதீங்க. எந்தப் பாம்போடதுன்னு நமக்குத் தெரியாது, அம்மா பக்கத்திலேயே இருக்கலாம். தள்ளி நின்று வனத்துறைக்கு போன் போடுங்க. வருகிறவர் அதை எடுக்கும்போது புரட்டாமல், மேல்பக்கம் மேலேயே இருக்கிற மாதிரி எடுக்கிறாரான்னு மட்டும் பாருங்க. மறந்தார்னா பென்சிலை நீட்டுங்க!